உப்புக் காற்றும் அணுக் கணக்கும்

மண்டபத்திலிருந்து பாம்பனை நோக்கிச் செல்லும் யாத்ரீகர்கள் கடற்காற்றின் குளிர்ச்சியை மெச்சாமல் இருப்பதில்லை. ஆனால் அந்தக் காற்றோடு குடியிருக்கும் ஜனங்களுக்கு அதன் மற்றொரு குணமும் தெரியும். ஜன்னல் கம்பி, கூரைத் தகடு, கிணற்று ராட்டினம், படகின் ஆணி, கான்கிரீட்டுக்குள் புதைத்த இரும்பு ஆகிய எதையும் அது விட்டு வைப்பதில்லை. எந்தச் சட்டசபையும் நிறைவேற்றாத ஒரு வரியை இந்த உப்புக் காற்று இராமநாதபுரம் கடற்கரை நெடுகிலும் வருஷந்தோறும் வசூலித்துக் கொண்டிருக்கிறது. ஏழை பணக்காரன் என்ற பேதம் அதற்கு இல்லை. ஆயினும் சிக்கனமாகச் சிமெண்டு பூசிக் கட்டிய ஏழையின் வீட்டில்தான் கம்பி முதலில் வெளியே தெரிகிறது.

இந்த வரியைக் குறைக்க வழி உண்டா? உண்டு என்றால், அவ்வழியைத் தேடும் வேலையில் நம் தேசத்துக்கு, சிறப்பாக இந்தச் சீமைக்கு, என்ன பங்கு? இவ்விரு கேள்விகளையும் இன்று நேயர்களின் ஆலோசனைக்கு வைக்க விரும்புகிறோம். கேள்வி இரும்பில் தொடங்கினாலும், விடை அணுக்களின் உலகத்துக்கு நம்மை அழைத்துச் செல்கிறது.

பாம்பன் கற்பித்த பாடம்

பாம்பன் கால்வாயின் மேல் ரயில் பாலம் 1914-ம் வருஷம் பிப்ரவரி மாதம் திறக்கப்பட்டது. சுமார் 2 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாலமே கடல்மேல் கட்டப்பட்ட முதல் இந்தியப் பாலம். 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பிரயாணிகளோடு ஒரு ரயில் வண்டியைக் கடல் கொண்டு போயிற்று. பாலத்தின் கண்கள் பல சிதறின. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் முன்னின்று, 46 நாட்களில் அதை மீண்டும் நிறுத்திக் காட்டினார். புயலை வென்ற பாலம் அது.

ஆனால் புயல் ஒரு நாள் விருந்தாளி; உப்புக் காற்றோ அனுதினமும் வருவது. அமெரிக்காவில் மையாமிக் கடற்கரைக்கு அடுத்தபடியாக உலோகத்தை அதிகமாக அரிக்கும் இடம் பாம்பன் என்று பொறியாளர்கள் சொல்வதுண்டு. சாயம் பூசுவதும், அரித்த பாகத்தை மாற்றுவதும் அங்கே ஓயாத வேலையாக இருந்தன. கடைசியில் 2022 டிசம்பரில் பழைய பாலத்தின் மேல் ரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரல் 6-ம் தேதி புதிய பாலம் திறக்கப்பட்டது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், விசேஷமான மேற்பூச்சும், முழுவதும் பற்றவைத்த இணைப்புகளும் அதற்குக் காவலாக வைக்கப்பட்டிருக்கின்றன. இந்தக் காவல் எத்தனை காலம் நிற்கும்? அதைச் சொல்ல வேண்டியது இரும்பின் மேற்புறத்தில் அணுவுக்கு அணு நடக்கும் போராட்டம்.

எஃகின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய போர்வை படர்கிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லக்ஷம் கூறாக்கினால், அப்படிப்பட்ட சில கூறுகளே அதன் தடிப்பு. உலோகமும் பிராணவாயுவும் சேர்ந்து நெய்த அந்தப் போர்வை கிழியாத வரையில் எஃகு பிழைக்கும். கடல்நீரில் ஒரு கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பின் குளோரைடு அணு அப்போர்வையில் எங்கேயோ ஒரு பொத்தலைக் கண்டுபிடிக்கிறது, அல்லது தானே உண்டாக்குகிறது. உள்ளே துரு விளைகிறது. துரு, தான் பிறந்த இரும்பைக் காட்டிலும் பன்மடங்கு இடம் கேட்பதால், மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டையே பிளந்து விடுகிறது. குளோரைடு எவ்விதம் நுழைகிறது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் இன்னும் விவாதம் உண்டு. எந்தக் கலப்பு உலோகம், எந்தப் பூச்சு அந்த நுழைவைத் தடுக்கும் என்று முன்கூட்டியே அறிய வேண்டுமானால், அணுக்களின் நடமாட்டத்தையே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

1964: இரண்டு பாதைகள்

தனுஷ்கோடி அழிந்த அதே 1964-ம் வருஷத்தில், உலகத்தின் மறுபுறத்தில் இரண்டு கட்டுரைகள் வெளியாயின. ஒன்றை எழுதியவர் அனீசுர் ரஹ்மான். ஹைதராபாத்தில் பிறந்த இந்தியர். அமெரிக்காவின் ஆர்கான் ஆராய்ச்சிச் சாலையில், 864 ஆர்கான் அணுக்களைக் கணிப்பொறிக்குள் ஓடவிட்டு, ஒரு திரவம் எப்படி அசைகிறது என்பதை அவர் எண்களால் காட்டினார். ஒவ்வோர் அணுவையும் அண்டை அணுக்கள் எவ்வளவு இழுக்கின்றன, எவ்வளவு தள்ளுகின்றன என்று கணக்கிட வேண்டியது. அந்த விசைக்குத் தக்கபடி ஒவ்வொன்றையும் இம்மியளவு நகர்த்த வேண்டியது. மறுபடியும் விசையைக் கணக்கிட வேண்டியது. இதுவே முறை. வினாடியை ஆயிரம் லக்ஷம் கோடிக் கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறுதான் இக்காலத்தில் இக்கணக்கின் சாதாரண அடி. இன்று உலகமெங்கும் மருந்திலிருந்து உலோகம் வரையில் நடைபெறும் அணு இயக்கக் கணக்குகளுக்கு ரஹ்மான் ஒரு மூலபுருஷர். நம் ஜனங்களில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

மற்றக் கட்டுரை வால்டர் கோன், ஹோஹன்பெர்க் என்ற இருவருடையது. அணுக்களைப் பிணைக்கும் எலெக்ட்ரான்களின் சக்தியை, அவற்றின் அடர்த்தியை மட்டும் கொண்டே கணக்கிடலாம் என்று அவர்கள் நிரூபித்தார்கள். அடுத்த வருஷம் கோனும் ஷாமும் அதை நடைமுறைக் கணக்காக்கினார்கள். இதற்காகக் கோனுக்கு 1998-ல் ரஸாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது.

ஆக, பாதைகள் இரண்டு. அணுக்களுக்குள் விசை இன்னபடி இருக்கும் என்று ஒரு சுருக்கமான சூத்திரத்தை எழுதி வைத்துக் கொண்டு வேகமாக ஓடுவது ஒன்று. லக்ஷக்கணக்கான அணுக்களை அது தாங்கும். ஆனால் ஒரு பிணைப்பு அறுந்து இன்னொன்று உண்டாகும் இடத்தில், அதாவது துரு பிறக்கும் அதே இடத்தில், அச்சூத்திரம் பெரும்பாலும் பொய் சொல்லும். குவாண்டம் சாஸ்திரப்படி எலெக்ட்ரான்களைக் கணக்கிடுவது மற்றொன்று. அது பெரும்பாலும் மெய் சொல்லும். ஆனால் நடை நத்தையின் நடை. அணுக்களின் எண்ணிக்கையை இரட்டித்தால் உழைப்பு எட்டு மடங்காகும். பத்து மடங்காக்கினால் உழைப்பு ஆயிரம் மடங்காகும். சில நூறு அணுக்களுக்கு மேல் போவது பெருங்கஷ்டம். சில நூறு அணுக்களைக் கொண்டு பாம்பன் பாலத்தின் துருவைப் பற்றி என்ன சொல்ல முடியும்? வேகமும் உண்மையும் சேராமல் நாற்பது வருஷங்களுக்கு மேல் சென்றன.

சீடனாக அமர்ந்த யந்திரம்

2007-ம் வருஷத்தில் பேலர், பரினெல்லோ என்ற இருவர் ஒரு புது யுக்தியை வெளியிட்டார்கள். இவர்களில் பரினெல்லோ, முன்பு ரஹ்மானோடு சேர்ந்து ஆராய்ச்சி செய்தவர். செயற்கை நரம்பு வலை என்னும் கணித அமைப்பைக் குவாண்டம் கணக்குக்குச் சீடனாக அமர்த்துவதே அந்த யுக்தி. அவர்கள் முதலில் எடுத்துக் கொண்டது ஸிலிக்கான்.

நம் கடற்கரையில் படகு கட்டும் ஓடாவியை நேயர்கள் கண்டிருப்பார்கள். அவரிடம் வேலை பழக வரும் பையனுக்கு அவர் சூத்திரம் எதுவும் ஒப்பிப்பதில்லை. ஒரு பலகையைக் காட்டி, 'இது எவ்வளவு வளையும், சொல்லு' என்கிறார். பையன் ஏதோ சொல்கிறான். 'தப்பு, இவ்வளவுதான்' என்று திருத்துகிறார். ஆயிரம் பலகைகளுக்குப் பிறகு பையனின் கைக்கே கணக்குப் புரிந்து விடுகிறது. புதுப் பலகையைத் தொட்ட மாத்திரத்தில் அவன் சொல்லும் விடை குருவின் விடைக்கு வெகு சமீபத்தில் இருக்கிறது.

நரம்பு வலையின் கல்வியும் இத்தகையதே. அணுக்களின் பல்லாயிரம் அமைப்புகளுக்குக் குவாண்டம் முறை மெதுவாக உழைத்துச் சக்தியையும் விசையையும் கணக்கிட்டு வைக்கிறது. அவ்விடைகளைப் பார்த்துப் பார்த்து, தன் பிழை குறையும் விதமாக வலை தன் உள் எண்களைத் திருத்திக் கொள்கிறது. பாடம் முடிந்ததும், புதிய அமைப்பைக் காட்டினால் நொடிப்பொழுதில் விடை சொல்கிறது.

இதில் இரண்டு நுட்பங்கள் முக்கியமானவை. முதலாவது, வலை முழுப் பொருளையும் ஒரே சமயத்தில் பார்ப்பதில்லை. ஒவ்வோர் அணுவுக்கும் அதைச் சூழ்ந்த சில அடுக்கு அண்டை அணுக்களை மட்டும் பார்த்து, அந்த அணுவின் பங்கு இவ்வளவு என்று சொல்கிறது. எல்லாப் பங்குகளையும் கூட்டினால் மொத்த சக்தி. ஆகையால் அணுக்கள் பத்து மடங்கானால் உழைப்பும் பத்து மடங்கே. இரண்டாவது, ஓர் இரும்புத் துண்டைத் திருப்பி வைத்தாலும், வேறிடத்துக்கு நகர்த்தினாலும், அதிலுள்ள இரண்டு இரும்பு அணுக்களை ஒன்றுக்கொன்று மாற்றினாலும் அதன் சக்தி மாறக் கூடாது. இயற்கையின் இந்த நியதியைப் பேலரும் பரினெல்லோவும் வலையின் கட்டுமானத்திலேயே பொருத்தி விட்டார்கள். பின்வந்தவர்களின் திருத்தங்களிற் பல இந்த இரண்டாவது நுட்பத்தைச் செம்மையாக்கியவையே.

பலன் என்ன? 2020-ம் வருஷத்தில் அமெரிக்காவின் மகா கணிப்பொறி ஒன்றில், இம்முறையால் பத்துக் கோடி அணுக்கள் வரையில், குவாண்டம் கணக்குக்கு நெருங்கிய துல்லியத்தோடு, தண்ணீரையும் தாமிரத்தையும் ஓட்டிக் காட்டினார்கள். அக்கணக்குக்கு அவ்வருஷத்தின் கார்டன் பெல் பரிசு கிடைத்தது. 2024-ல், நரம்பு வலைகளுக்கு அஸ்திவாரம் இட்ட ஹாப்ஃபீல்டு, ஹிண்டன் இருவருக்கும் பௌதிக சாஸ்திரத்துக்கான நோபல் பரிசே வழங்கப்பட்டது.

மயக்கம் வேண்டாம்

இதைக் கேட்டவுடன், யந்திரம் எல்லாவற்றையும் கண்டுபிடித்து விடும், மனிதன் சும்மா இருக்கலாம் என்று சிலர் மகிழக் கூடும். அது பேதைமை. பத்துக் கோடி தாமிர அணுக்கள் என்றால் எவ்வளவு பெரிய கட்டி? தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு அகலமுள்ள துணுக்கு! அந்த மகா கணிப்பொறி ஒரு நாள் முழுவதும் உழைத்துக் காட்டியது, வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கை விடச் சற்று அதிகமான நேரத்து நடமாட்டமே. பாம்பனில் துரு பிடிப்பதோ மாதக் கணக்கான காரியம். ஆகையால் கணிப்பொறி பாலத்தின் ஆயுளை நேரே சொல்லாது. குளோரைடு நுழையும் ஒவ்வொரு படியும் எவ்வளவு எளிது, எவ்வளவு கடினம் என்று சொல்லும். அதிலிருந்து ஆயுளை ஊகிப்பது மனிதனின் அறிவுக்கு விட்ட வேலை.

இன்னொரு குறையும் உண்டு. சீடன் தான் படித்த பாடத்துக்குள் சூரன். படிக்காத பாடத்தில், தயக்கமின்றித் தப்பு விடை சொல்வான். சுத்தமான இரும்பை மட்டும் கற்ற வலையிடம் உப்பு நீரில் நனைந்த துருவைக் காட்டினால் அது உளறும். உளறுகிறோம் என்பதும் அதற்குத் தெரியாது. இதற்காக ஆராய்ச்சியாளர்கள் ஒரே பாடத்தைத் தனித்தனியே கற்ற பல வலைகளைச் சாட்சிகளைப் போல் விசாரிக்கிறார்கள். சாட்சிகள் ஒத்துச் சொன்னால் ஓரளவு நம்பலாம். முரண்பட்டால், அந்த இடத்தில் குவாண்டம் கணக்கைப் புதிதாகச் செய்து பாடத்தில் சேர்க்க வேண்டும். தவிரவும், துரு என்பது எலெக்ட்ரான்கள் கைமாறும் விவகாரம். தூரத்திலுள்ள மின்னேற்றத்தின் இழுப்பை, அண்டை வீட்டை மட்டும் பார்க்கும் வலை எளிதில் அறியாது. இக்குறையை நீக்கப் பலர் பாடுபட்டு வருகிறார்கள். முழு வெற்றி இன்னும் வரவில்லை.

எனவே, கணக்கின் மெய் பொய்யைத் தீர்க்க ஒரு நியாயஸ்தலம் வேண்டும். அந்த நியாயஸ்தலம் எங்கே இருக்கிறது? மண்டபத்தில் இருக்கிறது!

நம் கையிலுள்ள முதல்

காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் வரலாற்றைத் தமிழர் மறக்கலாகாது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லக்ஷம் ரூபாயும் தந்தார். 1948 ஜூலை 25-ம் தேதி பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டினார். 1953-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் அதைத் திறந்து வைத்தார். காரைக்குடி அப்போது இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது. அந்நிலையத்தார் மண்டபத்தின் கடற்காற்றில் உலோகத் தகடுகளையும் பூசிய தகடுகளையும் வருஷக்கணக்கில் நிறுத்தி, எது எவ்வளவு அரிக்கிறது என்று அளந்து வந்திருக்கிறார்கள். இந்தியாவில் எங்கெங்கே எவ்வளவு துரு என்று காட்டும் வரைபடமும் அவர்கள் உழைப்பே. இப்படிப்பட்ட அனுபவக் களஞ்சியத்தை விலைக்கு வாங்க முடியாது; காலத்தால் மட்டுமே சேர்க்க முடியும்.

விஞ்ஞானம் இச்சீமைக்குப் புதிதுமன்று. ராமனோடு ஒளிச்சிதறலைக் கண்டவரும், படிகங்களின் காந்த குணங்களை ஆராய்ந்தவருமான கே. எஸ். கிருஷ்ணன் பிறந்த வத்திராயிருப்பு, பழைய இராமநாதபுரம் ஜில்லாவில் இருந்த ஊர். அப்துல் கலாம் பிறந்தது இராமேஸ்வரம். இந்த மண்ணில் மூளை விளையாது என்று சொல்ல எவனுக்கு நா எழும்?

ஆயுதங்களும் நமக்கு அடியோடு இல்லாமற் போகவில்லை. தேசிய மகா கணிப்பொறித் திட்டம் 2015-ல் தொடங்கியது. 2022-ல் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 'பரம் பொருள்' நிறுவப்பட்டது. வினாடிக்கு 838 லக்ஷம் கோடி கணக்குகள் செய்யும் திறமை அதற்கு உண்டு. 2024 செப்டம்பரில் புனே, டில்லி, கல்கத்தா மூன்றிடங்களில் 'பரம் ருத்ரா' யந்திரங்கள் தேசத்துக்கு அர்ப்பணிக்கப்பட்டன. நரம்பு வலைகளைப் பயிற்றுவிக்கும் முறைகளிற் பலவும், பயிற்சி பெற்ற வலைகளே பலவும், உலகில் யாவரும் எடுத்துக் கொள்ளும்படி இலவசமாகக் கிடைக்கின்றன.

இரண்டு ஆட்சேபங்கள்

'குடிதண்ணீருக்கே குடத்தோடு அலையும் ஜில்லாவில் அணுக் கணக்கு எதற்கு?' என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தத் தண்ணீரைக் கொண்டு வரும் குழாயும், அதை ஏற்றும் பம்பும், அதைத் தேக்கும் தொட்டியும் இதே உப்புக்கு இரையாகின்றனவே! துருவுக்குப் போகும் பணம் மிச்சமானால் அது தண்ணீருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஆகும். இன்னொன்றும் உண்டு. கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. வாலிநோக்கத்தில் சர்க்காரின் உப்பளம் இருக்கிறது. பகலில் விளையும் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்க, உப்பிலுள்ள சோடியத்தைக் கொண்டே மின்கலம் செய்யும் முயற்சி உலகெங்கும் நடக்கிறது. திடப்பொருளுக்குள் சோடியம் எவ்வளவு தாராளமாக நடமாடும் என்பதை அறிய இன்று கையாளப்படும் கருவிகளில் இந்த நரம்பு வலைக் கணக்கும் ஒன்று. உப்பும் வெயிலும் நம்முடையவை. அவற்றைச் சேர்க்கும் அறிவு மட்டும் பிறருடையதாக இருக்க வேண்டுமா?

'அயல்நாட்டார் வலைகளை இலவசமாகவே தருகிறார்களே, நாம் ஏன் சிரமப்பட வேண்டும்?' என்பது இரண்டாவது ஆட்சேபம். இதுதான் அபாயகரமானது. வலையின் அறிவு அதற்குக் கற்பித்த பாடத்தின் அறிவு. பாடத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் தங்கள் தேவையை நினைத்துத் தேர்ந்தெடுத்தார்கள், அதில் தவறில்லை. ஆனால் நம் வெப்பம், நம் ஈரம், நம் உப்பு, நம் ஆலைகளில் வார்க்கும் எஃகு, நம் சிமெண்டு இவையெல்லாம் அப்பாடத்தில் தாமாக வந்து சேருமா? இலவசமாக வந்ததை நன்றியோடு எடுத்துக் கொள்வோம். ஆனால் நம் பாடத்தை நாமே எழுதிச் சேர்ப்போம். சுதேசியம் என்பது பிறர் கதவை அடைப்பதன்று. நம் அடுப்பில் நாமே நெருப்பு மூட்டுவது.

செய்ய வேண்டியவை

நாம் கேட்பவை மூன்றே. முதலாவது, மண்டபத்துத் தகடுகள் இதுவரை சொல்லியிருக்கும் சாட்சியம் முழுவதையும், கணிப்பொறி படிக்கத் தக்க உருவத்தில், தேசத்து ஆராய்ச்சியாளர் அனைவருக்கும் திறந்து வைக்க வேண்டும். கணக்கு ஊகத்தைச் சொல்லட்டும். மண்டபத்துக் காற்று தீர்ப்பைச் சொல்லட்டும். இரண்டாவது, ஜனங்களின் பணத்தில் நிறுவிய மகா கணிப்பொறிகளில், பெரிய ஸ்தாபனங்களுக்கு மட்டுமன்றி, இராமநாதபுரத்திலும் பரமக்குடியிலும் உள்ள கல்லூரிகளின் மாணவர்களுக்கும் நேரம் ஒதுக்க வேண்டும். வலையைப் பயிற்றுவிக்கத்தான் பெரிய யந்திரம் தேவை. பயின்ற வலையை ஓட்டிப் பழகச் சாதாரண யந்திரமே போதும். மூன்றாவது, இச்சாஸ்திரத்தைத் தமிழில் சொல்ல வேண்டும். மீனவர் வீட்டுப் பிள்ளை தன் வாசற்கம்பியின் துருவைத் தன் பாஷையிலேயே அணுவரையில் விசாரிக்கும் நாளில்தான் இவ்வறிவு நமக்குச் சொந்தம்.

ஒரு பாலத்தைக் கடல் சிதைத்தபோது 46 நாட்களில் அதை எழுப்பினோம். அது ஆபத்து வந்தபின் காட்டிய வீரம், பாராட்டத் தக்கது. கண்ணுக்குத் தெரியாமல் தினந்தோறும் அரிக்கும் எதிரியை அது வருமுன்னே எண்ணிக் கணக்கிட்டுத் தடுப்பதற்கு வேறொரு வீரம் வேண்டும். அதற்கு ஆரவாரம் இல்லை. பொறுமையும் படிப்பும் உண்டு. புதிய பாலத்தின் மேல் இன்றும் அதே உப்புக் காற்று வீசிக் கொண்டிருக்கிறது. அது நமக்காகக் காத்திராது.